புத்தகத்தை மூடிவிட்டுப் படிக்கட்டும்



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருபவர்களில் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "ராத்திரி பதினோரு மணி வரை புத்தகமும் கையுமாக இருக்கிறான். பரீட்சையில் எல்லாம் மறந்துவிடுகிறது." அதற்கு அடுத்து வரும் பேச்சுதான் எங்களுக்குக் கவலை. "அவனுக்குப் படிப்பு ஏறாது, கடையில் சேர்த்துவிடலாம்" என்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடவும் துணிகிறார்கள். பிள்ளையின் அறிவைக் குறை சொல்லுமுன் அது படிக்கும் முறையைப் பார்க்க வேண்டாமா?

திறந்த புத்தகத்தை நாலு தடவை வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிப்போகும். பழகியதெல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாம் முறையும் வாசித்த பகுதி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அதில் 42 சதவீதமே தேறியது. ஒரு முறை வாசித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்த பகுதியிலோ 56 சதவீதம் நின்றது.

நமக்கு இது புதிதல்ல. ஹிஃப்ழ் ஓதும் பிள்ளை முஸ்ஹஃபை மூடிவிட்டு உஸ்தாதிடம் ஒப்புவிக்கிறது. பழைய பாடத்தைக் கேட்காமல் அவர் புதுப் பாடம் கொடுப்பதில்லை. அதே பிள்ளை பள்ளிப் பாடத்துக்கு உட்காரும்போது மட்டும் இந்தப் பழக்கத்தை ஏனோ மறந்துவிடுகிறது!

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, இயற்பியல் தெரியாதே" என்று தாய்மார்கள் தயங்க வேண்டாம். புத்தகத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, "இன்றைக்குப் படித்ததைச் சொல்" என்று கேட்டால் போதும். தடுமாறும் இடம் பிள்ளைக்கே தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் மறுபடி பார்க்கட்டும். அதே பாடத்தை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் கேளுங்கள்.

மனப்பாடம் யோசனையைக் கெடுக்கும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். பொருள் புரியாத மனப்பாடத்துக்கு அது பொருந்தும். ஆனால் மனதில் ஒன்றுமே இல்லாதவன் எதை வைத்து யோசிப்பான்? கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்று கிரேக்க அறிஞர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் அந்த நூல்களை ஆழமாகக் கற்றவர். கற்றதனால்தான் அவருக்குக் கேள்வி பிறந்தது. கதிர் வெளியே போகிறதென்றால், சூரியனைப் பார்க்கும்போது கண் ஏன் வலிக்கிறது? ஒளி வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்று 'கிதாபுல் மனாஸிர்' நூலில் விளக்கினார். பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடம் நடக்கும்போது இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஒப்புவித்து முடித்ததும், "ஏன் அப்படி?" என்று ஒரு கேள்வியைப் பிள்ளையே தயாரித்து நோட்டில் எழுதட்டும். பதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மஃரிபுக்குப் பின் நடக்கும் நம் மாலை வகுப்புக்கு அந்த நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். படிப்பை நிறுத்தும் எண்ணத்தில் இருப்பவர்கள், ஒரு மாதம் இப்படிச் செய்து பார்த்துவிட்டுப் பிள்ளையோடு எங்களிடம் வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.