விண்ணப்பத்தில் மெய், நேர்காணலில் நகை

வேலை தேடுபவருக்குத் தம் குறையை எப்படிக் கையாள்வது என்ற கேள்வி எழும்போது அவர் முன் நான்கு வழிகள் உள்ளன: உள்ளதை உள்ளபடி சொல்லலாம், பாதியைச் சொல்லி மீதியை மெழுகலாம், கேட்டாலன்றிச் சொல்வதில்லை என்று இருந்துவிடலாம், அல்லது உண்மையைக் கேட்பவருக்குச் சிரிப்பு வரும்படி சொல்லலாம். இந்த நான்காவது வழி, அதாவது தமக்குப் பாதகமான ஒன்றைப் பொய் கலக்காமல், ஆனால் இலேசான குரலில் தாமே எடுத்துரைப்பது, அண்மைக் காலத்தில் பலராலும் பரிந்துரைக்கப்படுகிறது. அது எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை என்பதை அறிவதற்கு நவி மும்பையின் கோபர்கைரனே நல்ல களம். தானே–பேலாப்பூர் சாலையை ஒட்டிய டி.டி.சி. தொழிற்பேட்டையின் இரசாயன, மருந்து ஆலைகள் ஒருபுறமும், மகாபேயின் மில்லினியம் பிசினஸ் பார்க், ஐரோலியின் மைண்ட்ஸ்பேஸ் போன்ற கணினி அலுவலக வளாகங்கள் மறுபுறமும் சில ரயில் நிலையங்களின் இடைவெளியில் நெருங்கிக் கிடப்பதால், தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ வரும் ஒரு தமிழ்ப் பட்டதாரி, திங்கட்கிழமை ஆலை மேலாளர் முன்னும் வியாழக்கிழமை மனிதவளத் துறையின் இளம் அதிகாரி முன்னும் அதே பயோடேட்டாவோடு அமர நேர்கிறது. முதலாமவரிடம் ‘சார்’ என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியமும் முடியாது. இரண்டாமவர் தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும்படி கேட்டுக்கொள்வார். ஒரே வேடிக்கைப் பேச்சு இரண்டு அறைகளிலும் ஒரே விளைவைத் தருமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முதலில் எழுத்தையும் பேச்சையும் பிரித்துப் பார்க்க வேண்டும். படிவம் என்பது நகைச்சுவைக்கு இடமே இல்லாத நிலப்பரப்பு. காவல் துறை உள்ளிட்ட அரசுப் பணிகளுக்கான சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கு விவரங்களை மறைத்தவர்களைப் பற்றி 2016இல் அவ்தார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு, கேட்கப்பட்ட தகவல் உண்மையாக இருந்தாக வேண்டும் என்று வகுத்தது; அதே தீர்ப்பு, இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப விஷயத்தை ஒருவர் மறைத்திருந்தால் அதை வேலையளிப்பவர் தம் விருப்புரிமைப்படி பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. தனியார் துறையில் மெழுகுதலுக்கு வேறொரு தடை உண்டு. வருங்கால வைப்புநிதி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 2014 முதல் வழங்கப்படும் யு.ஏ.என். எனும் 12 இலக்க எண், அவர் எந்த நிறுவனத்தில் எந்நாள் சேர்ந்து எந்நாள் விலகினார் என்பதைத் தொடர்ச்சியாகக் காட்டிவிடுகிறது; தகவல் தொழில்நுட்பத் துறைக்கென்று அத்துறை நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் 2006இல் தொடங்கிய தேசியத் திறனாளர் பதிவேடும் இத்தகைய சரிபார்ப்புக்காகவே ஏற்பட்டது. ஆகவே ஏழு மாத வேலையை ஓராண்டு என்று நீட்டி எழுதுவது அறநெறிக் கேள்வியாவதற்கு முன்பே நடைமுறையில் அகப்பட்டுக்கொள்ளும் காரியமாகிவிட்டது.

பயோடேட்டாவின் நிலை சற்று விசித்திரமானது. மேலே கண்ட விவரங்கள் யாவும் தாம் அறிந்தவரை உண்மை என்று அடியில் உறுதிமொழி எழுதி, இடமும் தேதியும் இட்டுக் கையொப்பமிடும் வழக்கம் இந்திய விண்ணப்பதாரரிடையே இன்றும் அழியவில்லை. அந்த உறுதிமொழிக்கு இரண்டு வரி மேலேயே, பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ், ‘நூல் வாசித்தல், இசை கேட்டல், புதியவர்களுடன் பழகுதல்’ என்று, கடைசியாக வாசித்த நூல் எது என்று கேட்டால் பத்தாம் வகுப்புத் துணைப்பாடத்தைத் தாண்ட இயலாதவரும் எழுதியிருப்பார். இங்கே செய்யத்தக்கது அந்த வரியை வேடிக்கையாக்குவதன்று, நீக்குவதே. ஏனெனில் பயோடேட்டாவை முதலில் படிப்பது பெரும்பாலும் சொற்களைத் தேடிப் பொறுக்கும் மென்பொருளோ, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் புரட்டும் கன்சல்டன்சி ஊழியரோதான். சிரிக்க நேரமில்லாதவரிடம் சொல்லப்படும் நகைச்சுவை வெறும் பிழையாகவே பதிவாகும்.

உடன் அனுப்பும் கடிதத்திற்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, அதுவும் எழுத்தே தொழிலாகிற வேலைகளில். விளம்பர எழுத்தாளராயிருந்த ராபர்ட் பிரோஷ் 1934இல் சொற்கள் மீது தமக்குள்ள மோகத்தை விளையாட்டாக விவரித்து ஹாலிவுட் நிறுவனங்களுக்கு எழுதிய கடிதம் எம்.ஜி.எம்.மில் வேலை பெற்றுத் தந்தது. 1958இல் அமெரிக்க எழுத்தாளர் ஹண்டர் தாம்ப்சன் கனடாவின் வான்கூவர் சன் நாளிதழுக்கு, முந்தைய முதலாளியைச் சாடியும் தம் கர்வத்தை ஒளிக்காமலும் எழுதிய கடிதம் இன்றளவும் ரசித்துப் படிக்கப்படுகிறது. வேலை மட்டும் கிடைக்கவில்லை. முன்னவர் தம் வேலைக்குரிய திறனையே வேடிக்கைப் பொருளாக்கிக் காட்டினார், பின்னவர் பிறரைக் குத்தினார்; ரசனையில் பின்னதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்போரும் வேலைக்கு முன்னதையே பின்பற்றுவது நலம்.

நேர்காணலில்தான் நகைச்சுவை நேர்மைக்கு உண்மையான வாய்ப்பு அமைகிறது. ‘உங்களுடைய பலவீனம் என்ன’ என்ற கேள்விக்கு மும்பைப் பயிற்சி வகுப்புகள் சொல்லித் தரும் விடை, தாம் எதிலும் முழுமையை எதிர்பார்ப்பவர் என்பதும் அளவுக்கு மீறி உழைப்பவர் என்பதுமாகும். இது குறையின் வேடமணிந்த தற்பெருமை. ஓவுல் செஸர், பிரான்செஸ்கா ஜினோ, மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வேடமணிந்த பெருமை வெளிப்படையான தற்பெருமையைவிடவும் குறைவாகவே விரும்பப்படுவதாகக் காட்டியது; கேட்பவருக்கு அது உளமாரச் சொன்னதாகத் தோன்றாததே காரணம். இதற்கு மாற்றாக, குறையை நகைச்சுவையோடு சொல்வதைச் சோதித்த பிராட் பிட்டர்லி, மாரிஸ் ஷ்வைட்சர் ஆகியோரின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், சிரிப்பாகச் சொல்லப்பட்ட குறை கேட்பவர் மனத்தில் குறைவான எடையோடு பதிவதும், சொன்னவரைப் பற்றிய மதிப்பு உயர்வதும் தெரியவந்தது. ஆனால் அந்தக் குறை வேலைக்கே அடிப்படையான திறனைத் தொடுமானால் இந்த ஆதாயம் மறைந்துபோகிறது. எலியட் ஆரன்சன் 1966இலேயே கண்டதும் இதற்கு நெருங்கியதுதான்: வினாக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சரியாக விடையளித்தவர் காப்பியைத் தம்மீது கொட்டிக்கொண்டபோது அவர்மீது விருப்பம் கூடியது, சுமாராக விடையளித்தவர் கொட்டிக்கொண்டபோது குறைந்தது.

இதைக் கோபர்கைரனேயின் வேலைகளில் பொருத்திப் பார்த்தால் தேர்வு எளிதாகும். கணக்குப் பிரிவில் சேர வருபவர், தம் கையெழுத்து தமக்கே மறுநாள் புரிவதில்லை என்பதால் எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டுவிடும் பழக்கம் வந்தது என்று சொல்லலாம். பூஜ்யங்களை எண்ணுவதில் தமக்குத் தகராறு என்று விளையாட்டுக்கும் சொல்லலாகாது. ஆய்வகத் தரக்கட்டுப்பாட்டுக்கு வருபவர் மேடைப்பேச்சில் நடுங்குவதைச் சொல்லலாம், கை நடுங்குவதை அன்று. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு இரவு முழுதும் பேச வேண்டிய அழைப்பு மையத்திலோ மேடைநடுக்கமே ஆபத்தான பொருளாகிவிடும்.

பயணம் பற்றிய கேள்வி தனியே குறிப்பிடத்தக்கது, ஏனெனில் ‘அவ்வளவு தூரத்திலிருந்து தினமும் வந்துவிட முடியுமா’ என்பது இவ்வட்டாரத்தில் ஏறக்குறைய எல்லோரிடமும் கேட்கப்படுகிறது. தாராவியில் வசிப்பவர் சயான் வரை நடந்து, குர்லாவில் ஹார்பர் வண்டிக்கு மாறி, வாஷியில் மீண்டும் தானே வண்டிக்கு மாறித்தான் வந்து சேர வேண்டும் என்பது கேட்பவருக்கும் தெரியும். ஆதலால் ‘ஒரு சிரமமும் இல்லை’ என்ற விடையை அவர் நம்பப்போவதில்லை. ஹார்பர் லைன் தாமதித்தால் தாமும் தாமதிக்க நேரும் என்றும், அதற்காகவே ஒரு வண்டி முன்னதாக ஏறுவது வழக்கம் என்றும், உட்கார இடம் கிடைக்காததால் தூங்கி நிலையத்தைத் தவறவிடும் அபாயமும் இல்லை என்றும் சொல்பவர், எதிரில் இருப்பவர் அன்று காலை பட்ட அதே பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார். பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் என்ற ஒரு சொல்லே போதும், மேசையின் இருபுறமும் சிரிப்பு வந்துவிடும்.

இடைவெளி ஆண்டுகளுக்கும் வேலை நீக்கத்துக்கும் வெறும் உண்மையே ஏற்றது. சுருக்கமாகச் சொல்லி நிறுத்தினால் போதும். அப்பாவின் இட்லிக் கடையில் ஓராண்டு நின்றவர் அதை மறைக்க வேண்டியதில்லை, வேண்டுமானால் காலை ஐந்து மணி ஷிஃப்ட் தமக்குப் புதிதல்ல என்று சிரித்தபடி ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். முந்தைய மேலாளரைப் பற்றிய கேலி எவ்வளவு உண்மையானாலும், எவ்வளவு சுவையானாலும் தவிர்க்கத்தக்கது. கேட்பவர் தம்மையே அடுத்த மேலாளராகக் கற்பனை செய்துகொள்வார். சம்பளப் பேச்சில் மௌனமோ எண்ணோ இரண்டில் ஒன்றுதான். அங்கே வேடிக்கையாகச் சொன்ன தொகையையே ஒப்புக்கொண்டு ஆஃபர் லெட்டர் அடித்துவிடும் ஆபத்து உண்டு.

2012இல் வெளிவந்த ‘நண்பன்’ படத்தில் ஜீவா ஏற்ற பாத்திரம், தன் தோல்விகளை மறைக்காமல் சொல்லி, நேர்மையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும்படி தேர்வாளர்கள் கேட்டும் மறுத்து, வேலையைப் பெறுகிறது. திரைக்கதை தேர்வாளர்களை நல்லவர்களாக எழுதிவைத்திருந்தது. வெளியே அவர்கள் யார் என்பதை முதல் சில நிமிடங்களில் கணிக்க வேண்டியிருப்பதால், முதல் நகைச்சுவையை எதிரிலிருப்பவரே தொடங்கும்வரை பொறுத்திருப்பது பாதுகாப்பான தேர்வு. மொழியும் இதில் சேர்த்தி: ஆங்கிலத்தில் தொடங்கி இந்திக்குத் தாவி, ஆலை அலுவலகமானால் மராத்தியிலும் ஓரிரு கேள்வி வரும் அறையில், எந்த மொழியில் தடுமாறாமல் பேச முடியுமோ அந்த மொழியில் மட்டுமே வேடிக்கை செய்யலாம். அரைகுறை மராத்தியில் நேரடி உண்மை மரியாதையைப் பெற்றுத் தரும். அதே மராத்தியில் நகைச்சுவை முயன்றால், மொழியையே கேலி செய்வதாக எடுத்துக்கொள்ளப்படலாம்.