வழிகாட்டி எழுதும் முறை

கற்றவர் பலர், கற்றதனைப் புதியவர்க்கு விளங்க உரைப்பவர் சிலரே. இவ்வுண்மையைக் கணினித் துறையிலும் காணலாம். குடும்பத்தாரின் நிழற்படங்கள், கடிதங்கள், கணக்குகள் முதலியவற்றை ஓரிடத்தே சேர்த்துவைத்து, வீட்டிலுள்ள பிற கணினிகளும் கைப்பேசிகளும் வேண்டும்போதெல்லாம் எடுத்து வழங்கும் கணினிக்குச் சேவையகம் என்பது பெயர். மக்கள் அதனைச் ‘சர்வர்’ எனவும் வழங்குவர். 2012-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டிலிருந்து ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கணினி 35 டாலர் விலையில் வெளிவந்தது. இளைஞர்க்குக் கணினி கற்பித்தற்பொருட்டு அமைக்கப்பெற்ற அதனைப் பலர் வாங்கித் தத்தம் இல்லங்களிற் சேவையகமாக நிறுவலாயினர். அவர்களுட் புதியவர்க்குத் துணையாவன வழிகாட்டிகளே.

வழிகாட்டி எழுதுவோர் துறையில் வல்லவர். அவ்வன்மையே சிலவேளை குறையாகிவிடுகின்றது. நாள்தோறும் நடந்த வழியிலுள்ள மேடுபள்ளம் நடப்பவன் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. புதிதாய் வருபவனே அதில் இடறி வீழ்வான். “சேவையகத்தின் முகவரியை இடுக” என்று ஒரு வரியில் எழுதிவிட்டு வல்லவர் மேலே செல்வர். அம்முகவரி யாது, அதனை எங்கே காண்பது என்று அறியாதவர் அங்கேயே நின்றுவிடுவர். வீட்டிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் ‘ரூட்டர்’ என்னும் கருவி ஓர் எண்முகவரியை வழங்குகின்றது. அது பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும். பின்னர் மாறவும் கூடும். ஆதலின், முகவரியைக் காணும் இடத்தையும், அது மாறாதவாறு ரூட்டரில் நிலைப்படுத்தும் முறையையும் முன்னரே கூறல் வேண்டும். வேண்டியதனைக் கூறாது விடுதலைக் ‘குன்றக் கூறல்’ எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் நூற்குற்றங்களுள் ஒன்றாக வைத்தார்.

இக்குறையாற் காலம் வீணாகும். வேறொரு குறையாற் பொருளே அழியும். சேவையகத்துக்குரிய இயங்குதளத்தை நினைவக அட்டையிற் பதித்தற்கு லினக்ஸில் ‘டிடி’ என்றொரு கட்டளை உண்டு. குறித்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அது வினவுவதில்லை, அதன்மேலேயே எழுதிவிடும். ‘எஸ்டிபி’ என்னும் பெயர் எழுதியவர் கணினியில் வெற்று அட்டையைக் குறித்திருக்கலாம். படிப்பவர் கணினியில் அதே பெயர் குடும்பத்தின் பத்தாண்டு நிழற்படங்கள் உறையும் வட்டைக் குறிக்கலாம். சொல்லியவாறே செய்தவர் பிழை செய்தவரல்லர். ஆயினும் இழப்பவர் அவரே. ஆகவே, பெயரையும் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை கட்டளைக்கு முன்னரே நிற்றல் வேண்டும். ஆற்றில் இறங்கியபின் ஆழம் கூறுவதாற் பயன் என்னை?

வழிகாட்டியும் காலத்தால் மூப்படையும். முன்பு ராஸ்பெரி பையின் இயங்குதளம் ‘பை’ என்னும் ஒரே பயனர் பெயரும் ‘ராஸ்பெரி’ என்னும் ஒரே கடவுச்சொல்லும் உடையதாய் வந்தது. ஊரிலுள்ள பூட்டுகளுக்கெல்லாம் ஒரே திறவுகோல் அமைந்தாற் போன்றது அது. 2016-இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், இணையத்தோடு இணைந்த வீட்டுக் கருவிகள் பலவற்றில் மாற்றப்படாது கிடந்த பொதுக் கடவுச்சொற்களைக் கொண்டே அவற்றுட் புகுந்தது. 2022 ஏப்ரலில் ராஸ்பெரி பையின் அப்பொதுப் பயனர் நீக்கப்பெற்றது. நிறுவுவோரே தமக்குரிய பெயரையும் கடவுச்சொல்லையும் அமைக்க வேண்டியதாயிற்று. பழைய வழிகாட்டியை நம்பியவர் முதற்படியிலேயே தடைப்படுவர். ஆதலின், எழுதிய நாளையும் மென்பொருளின் பதிப்பையும் குறித்தலும், காலந்தோறும் திருத்துதலும் எழுதுவோர் கடனாகும்.

எழுதி முடித்ததனைச் சோதிக்கும் வழி ஒன்று உண்டு. இத்துறை அறியாத ஒருவர் கையில் அதனைக் கொடுத்து, எழுதியவர் வாய்திறவாது அருகில் அமர்தல் வேண்டும். படிப்பவர் எங்கே தயங்குகின்றாரோ அங்கே நூலிற் குறையுளது, படிப்பவரிடத்தன்று. நிறைவாக, சேமித்தவற்றின் படியொன்றை வேறொரு வட்டில் வைக்கும் முறையையும், அப்படியிலிருந்து மீட்டெடுக்கும் முறையையும் செய்துபார்க்குமாறு கூறல் வேண்டும். மீட்டுப் பாராத படி, நீர் இறைத்துப் பாராத கிணற்றை ஒக்கும்.

தான் அறியாதிருந்த நாளை மறவாதவனே பிறர்க்கு நல்ல வழிகாட்டி ஆவான்.