திட்டமிட்ட ஆட்டம் முறிந்த பின்: கூடைப்பந்தில் தொடர் நகர்வுத் தாக்குதல்

கூடைப்பந்து அணி ஒன்று பல வாரங்கள் பயின்ற திட்டமிட்ட ஆட்டத்தை எதிரணி ஒரே நொடியில் தடுத்துவிடுவதுண்டு. அவ்வேளையில் நால்வர் அசையாது நிற்க, பந்தை வைத்திருப்பவர் தனியே போராடுவதை இளையோர் போட்டிகளில் காணலாம். இதனால் அணியின் மிகத் திறமையான ஒருவரே மீண்டும் மீண்டும் எறிகிறார். ஏனையோர் பந்தைத் தொடாமலே வீடு திரும்ப நேரிடுகிறது. திட்டமிட்ட ஆட்டம் எந்த இடத்தில் முடிகிறதோ, அந்த இடத்திலேயே தொடர் நகர்வுத் தாக்குதல் தொடங்குமாறு பயிற்றுவிப்பதே இதற்குத் தீர்வாகும்.

பந்தைப் பகிர்வது இவ்விளையாட்டின் தொடக்கத்திலேயே உள்ள பண்பாகும். 1891ஆம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த 13 விதிகளின்படி, பந்துடன் ஓடுதல் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிதல் வேண்டும். பிற்காலத்தில் பாப் நைட் பயிற்றுவித்த இந்தியானா பல்கலைக்கழக அணி, 1975-76 பருவத்தில் 32 ஆட்டங்களிலும் தோல்வியின்றி வென்றது. தொடர் நகர்வுத் தாக்குதலைப் புகழ்பெறச் செய்தவர்களுள் நைட் முதன்மையானவர்.

தொடக்க அமைப்பு

இங்கு எடுத்துக்காட்டாக விளக்கப்படுவது ‘ஹார்ன்ஸ்’ எனும் அமைப்பு. வீரர்கள் நிற்கும் வடிவம் இரு கொம்புகளை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது. கூடையை நோக்கி நிற்பவரின் இடம், வலம் என்பனவே கீழே குறிக்கப்படுகின்றன. 1ஆம் வீரர் நடுவில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்துடன் நிற்பார். ஃப்ரீ த்ரோ கோட்டின் இடது முனையில் 4ஆம் வீரரும், வலது முனையில் 5ஆம் வீரரும் நிற்பர். இடது மூலையில் 2ஆம் வீரரும், வலது மூலையில் 3ஆம் வீரரும் இடம்பெறுவர்.

திட்டமிட்ட ஆட்டம்

1. முதலாமவர் 4ஆம் வீரருக்குப் பந்தைக் கொடுத்து, 5ஆம் வீரரை உரசிச் செல்வதுபோல் கூடையை நோக்கி வெட்டி ஓடுவார். அவர் தடையின்றி இருந்தால், 4ஆம் வீரர் அவருக்கே பந்தைத் திருப்பித் தர வேண்டும்.

2. அவ்வாய்ப்பு இல்லையெனில், 5ஆம் வீரர் வலது மூலைப் பக்கம் இறங்கி, 3ஆம் வீரருக்காக ஸ்கிரீன் அமைப்பார். ஸ்கிரீன் அமைப்பவர் அசையாது நிற்க வேண்டும். நகர்ந்து மோதினால் அது ஃபவுல் ஆகும். 3ஆம் வீரர் மேலேறி நடுவிடத்தில் பந்தைப் பெறுவார். முதலாமவர் காலியான வலது மூலைக்கு வெளியேறுவார்.

3. ஸ்கிரீன் முடிந்ததும் 5ஆம் வீரர் கூடையை நோக்கித் திரும்புவார். அவருக்கும் பந்து செல்ல வழியில்லையெனில் வலது பக்கவாட்டுக்கு வெளியேறுவார். 4ஆம் வீரர் இடது பக்கவாட்டுக்கு நகர்வார்.

இப்போது நடுவிடம், இரு பக்கவாட்டுகள், இரு மூலைகள் ஆகிய ஐந்து இடங்களும் நிரம்பியுள்ளன. கூடைக்கு முன்னுள்ள பகுதி வெறுமையாக உள்ளது. தொடர் நகர்வுக்குத் தேவையான அமைப்பு இதுவே. ஆட்டத்தை நிறுத்தவோ, பயிற்சியாளரின் கட்டளைக்குக் காத்திருக்கவோ வேண்டியதில்லை.

தொடர் நகர்வின் விதிகள்

• பந்தைக் கொடுத்தவர் உடனே கூடையை நோக்கி வெட்டி ஓட வேண்டும்.
• அவர் விட்டுச் சென்ற இடத்தை அடுத்திருப்பவர் நிரப்ப வேண்டும். ஓடியவர் இறுதியில் காலியாகும் மூலைக்குச் செல்வார்.
• தடுப்பாளர் பந்து வரும் வழியை மறித்தால், அவருக்குப் பின்புறமாகக் கூடையை நோக்கி ஓட வேண்டும்.
• இருவருக்கிடையே 4 முதல் 5 மீட்டர் இடைவெளி இருத்தல் நன்று. நெருங்கி நின்றால் ஒரே தடுப்பாளர் இருவரையும் காக்க இயலும்.

சான்றாக, 3ஆம் வீரர் வலது பக்கவாட்டில் உள்ள 5ஆம் வீரருக்குப் பந்தைக் கொடுத்து ஓடினால், 4ஆம் வீரர் நடுவிடத்துக்கும் 2ஆம் வீரர் இடது பக்கவாட்டுக்கும் ஏறுவர். 3ஆம் வீரர் இடது மூலையை அடைவார். ஐந்து இடங்களும் மீண்டும் நிரம்பும்.

நேரக் கணக்கு

சர்வதேச விதிகளின்படி, பந்தைப் பெற்ற அணி 8 நொடிகளுக்குள் அதை எதிரணியின் பாதிக்குக் கொண்டு செல்லவும், 24 நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறியவும் வேண்டும். முறிந்த திட்டத்தை மீண்டும் முதலிலிருந்து அமைக்க நேரம் போதாது. கூடைக்கு முன்னுள்ள கட்டப்பகுதியில் தொடர்ந்து 3 நொடிகளுக்கு மேல் தங்குவதும் விதிமீறலாகும்; ஆகவே ஓடியவர் பந்து கிடைக்காவிடில் விரைந்து வெளியேற வேண்டும்.

பயிற்சி முறை

முதலில் தடுப்பாளர் இன்றி, ஐவரும் நடந்தே இடங்களை மாற்றிப் பழக வேண்டும். அடுத்து, தடுப்பாளருடன், ஆனால் பந்தைத் தட்டி நகர்த்தாமல் ஆட வேண்டும். தட்டுவதற்கு வழியில்லாதபோது ஒவ்வொருவரும் தாமாகவே ஓடவும் இடம் தேடவும் கற்பர். இறுதியில், கூடைக்கு அருகே தெளிவான வாய்ப்பு வந்தாலன்றி, ஐந்து முறை பந்து கைமாறிய பின்னரே எறியலாம் என்ற நிபந்தனையுடன் ஆடலாம்.

தொடக்கத்தில் பந்து பலமுறை கைநழுவும். அதற்காகப் பயிற்சியாளர்கள் பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதில்லை. உயரமோ வேகமோ குறைந்த பிள்ளையும், எப்போது ஓட வேண்டும், எந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று அறிந்திருந்தால், அணிக்குத் தேவையானவராகிறார்.