ஜாம் பாட்டிலில் புதுச்செடி

ஆப்பிரிக்கன் வயலட் இலையில் நகத்தளவு துண்டு ஒன்று போதும். வளர்ச்சி ஊக்கி சரியாக அமைந்தால் அதிலிருந்து கொத்துக் கொத்தாகக் கன்றுகள் கிளம்பும். டிஷ்யூ கல்ச்சர், அதாவது திசு வளர்ப்பு, என்றதும் பெரிய ஆய்வகம் வேண்டும் என்று தயங்காதீர்கள். பிரஷர் குக்கரும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

1. நகல் வேண்டுமா, புதுச்செடி வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நகல் என்றால் தளிர் நுனியையோ கணு மொட்டையோ எடுத்து, ஊக்கியைக் குறைவாகக் கொடுக்க வேண்டும். புதிது வேண்டுமானால் இலைத்துண்டை முதலில் காலஸ் எனப்படும் உருவமற்ற திசுத்திரளாக்கி, அதிலிருந்து செடியை எழுப்ப வேண்டும். அப்படி வரும் கன்றுகளில் சில தாயைப் போல இருக்காது. ஒரே மாதிரி கன்று விற்கும் நர்சரிக்காரருக்கு அது தலைவலி; நமக்கு வேண்டியதே அதுதான். 'வொயிட் பட்டர்ஃபிளை' என்ற சிங்கோனியத்தைத் திசு வளர்ப்பில் பெருக்கும்போது தலைகாட்டிய மாறுபட்ட கன்றுகளைப் பொறுக்கியெடுத்தே பல புதிய ரகங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

2. ஊக்கிகளில் அளவைவிட விகிதம் முக்கியம். என்.ஏ.ஏ., ஐ.பி.ஏ. போன்றவை ஆக்சின் வகை, பி.ஏ.பி., கைனெட்டின் போன்றவை சைட்டோகைனின் வகை. ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் தளிர், இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றால் காலஸ். ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் 1957-இல் புகையிலைத் திசுவில் கண்டது இது. வயலட் இலையில் தளிர் வர லிட்டருக்கு பி.ஏ.பி. 1 மில்லிகிராம், என்.ஏ.ஏ. 0.1 மில்லிகிராம் என்று தொடங்குங்கள். காலஸுக்கு என்.ஏ.ஏ.வையும் 1 மில்லிகிராமாக உயர்த்திப் பாருங்கள். வேர் பிடிக்க ஊக்கியே இல்லாத, பாதி வலுவுள்ள வளர்ப்பு ஊடகம் (5-ஆம் குறிப்பில் வருவது) போதும்.

3. ஒரு மில்லிகிராமை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. ஊக்கியில் 100 மில்லிகிராமை 100 மில்லி நீரில் கரைத்து வைத்துக்கொண்டால், அதில் 1 மில்லி எடுத்தால் 1 மில்லிகிராம். இன்சுலின் சிரிஞ்சில் அளந்துவிடலாம். இந்த ஊக்கிகள் வெறும் நீரில் எளிதில் கரையா. முதலில் சில சொட்டு காஸ்டிக் சோடா கரைசலில் கரைத்துப் பிறகு நீர் சேர்க்க வேண்டும். கையுறை அவசியம். பாட்டிலில் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத குளிர்ச்சியான இடத்தில், உணவுப் பொருள்களோடு சேராமல் வையுங்கள். 2,4-டி என்ற ஆக்சினும் காலஸ் தரும். ஆனால் அது களைக்கொல்லி, வீட்டுக்கு வேண்டாம்.

4. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் லிட்டருக்கு 100 முதல் 150 மில்லி இளநீர் சேர்ப்பதுண்டு. இளநீரில் இயற்கையாகவே சைட்டோகைனின் இருக்கிறது. திசு வளர்ப்பில் அது 1941-லேயே புகுந்துவிட்டது. ஆனால் காய்க்குக் காய் அளவு மாறும், கணக்கு வைக்க முடியாது.

5. ஊடகத்துக்கு முராஷிகே-ஸ்கூக் பொடியை (சுருக்கமாக எம்.எஸ்.) வாங்கிவிடுங்கள். லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், அகர் 8 கிராம். பி.எச். 5.8 அளவில் இருக்கட்டும். 5-க்குக் கீழே போனால் அகர் இறுகாது. கண்ணாடி ஜாம் பாட்டில்களில் கால் பங்கு ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து, குக்கரில் முழு அழுத்தம் வந்தபின் 20 நிமிடம் வையுங்கள். அழுத்தம் தானாக இறங்கட்டும்; விசிலைத் தூக்கிவிட்டால் பாட்டிலுக்குள் இருப்பது பொங்கி வழிந்துவிடும். ஆறியதும் மூடியை இறுக்கி, நான்கைந்து நாள் காத்திருந்து, பூஞ்சை காணாத பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள்.

6. பெரும்பாலான முயற்சிகள் கெடுவது ஊக்கியால் அல்ல, பூஞ்சையால். இலையைக் குழாய் நீரில் அரைமணி நேரம் காட்டி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, அதில் பத்து நிமிடம் குலுக்குங்கள். குக்கரில் வேகவைத்த நீரில் மூன்று முறை அலசுங்கள். கை நுழையும் அளவு இரு துளையிட்ட, தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் இலையை வெட்டி பாட்டில் ஊடகத்தில் வைக்கும் வேலையைச் செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பெட்டியை ஸ்பிரிட்டால் துடைத்திருந்தால் உள்ளே நெருப்பு கூடவே கூடாது. பிளேடையும் இடுக்கியையும் ஃபாயிலில் சுற்றி குக்கரிலேயே வேகவைத்துவிடலாம்.

7. நேர்வெயில் ஆகாது, பாட்டில் சூடேறி இலை வெந்துவிடும். எல்.இ.டி. டியூப் அடியில் நாளுக்கு 16 மணி நேரம், 25 டிகிரி ஒட்டிய வெப்பம்.

8. மஞ்சள் கரையிட்ட ஸ்நேக் பிளான்ட் இலையைத் துண்டாக்கி வளர்த்தால் வெறும் பச்சைச் செடிதான் வரும். அந்தக் கரை இரு வேறு மரபுள்ள திசுக்கள் அடுக்காக அமைந்ததால் வந்தது; இலையிலிருந்து புதிதாக முளைக்கும் தளிரில் அந்த அடுக்கு அமைவதில்லை. இந்த மாதிரி வண்ணக்கலவைச் செடிகளுக்கு மொட்டுதான் சரி.

9. வேர் இரண்டு சென்டிமீட்டர் வந்ததும் கன்றை வெளியே எடுத்து, வேரில் ஒட்டிய அகரை வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கழுவுங்கள். அதிலுள்ள சர்க்கரை பூஞ்சையைக் கூட்டிவரும். பாட்டிலுக்குள் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு குறைவு, இலைத்துளைகளும் சரியாக மூடாது. அதனால் வெளிக்காற்றில் ஒரே மணி நேரத்தில் துவண்டுவிடும். ஈரத் தென்னைநார்க் கழிவில் நட்டு, தெளிவான பாலித்தீன் கவரால் மூடி, இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள்.

10. வித்தியாசமான கன்றைக் கண்டதும் துள்ளவேண்டாம். பி.ஏ.பி. மிகுந்தாலே செடி புதராகி, இலை தடிக்கும். மண்ணில் சில மாதம் வளர்ந்தால் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். பூ வரும்வரை வளர்த்து, நிறமும் இதழும் எப்படி என்று படத்தோடு குறித்துவையுங்கள். பிறகு அதன் இலையை ஊக்கியில்லாமல் மண்ணில் நட்டுக் கன்றாக்குங்கள். அந்தக் கன்றின் இலையிலிருந்து இன்னொன்று. இரண்டிலும் அதே பூ வந்தால் தாராளமாகப் பெயர் வைக்கலாம்.