கலப்பை தூக்காத உழவு இயந்திரம்

கால போகத்து முதல் மழை விழுந்து நிலம் பதமாக நிற்கும் வேளையில் உழவு இயந்திரம் கலப்பையைத் தூக்க மறுத்தால், அது அந்தக் குடும்பத்தின் ஒரு வருடச் சோற்றுப் பிரச்சினை. இடம்பெயர்ந்த காலத்தில் மழையிலும் வெயிலிலும் மரத்தின்கீழ் கிடந்த பழைய மசி பேர்குசன் 35, 135 இயந்திரங்களை மீண்டும் ஓட்டத் தொடங்குவோர் அதிகம் முறையிடுவது இதைத்தான். "பம்பு போய்விட்டது" என்று யாராவது உடனே சொல்லிவிடுவார்கள். இதன் பம்பு வெளியே இல்லை. பின்பக்கக் கூட்டினுள், கியர்கள் ஓடும் அதே ஒயிலில் மூழ்கியிருக்கிறது. அதை எடுக்க இருக்கைக்குக் கீழுள்ள மூடி முழுவதையும் கழற்ற வேண்டும். கூலி சிறிதல்ல. ஆகவே அதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவற்றைப் பார்த்துவிடுவோம்.

இந்தப் பம்பைச் சுழற்றுவது பி.ரி.ஓ தண்டு. பி.ரி.ஓ பிடி நடுநிலையில் இருந்தால், என்ஜின் எவ்வளவு முழங்கினாலும் பம்பு சுழலாது. நாம் போன ஓர் ஊரில் இரண்டு நாளாக இயந்திரத்தைச் சுற்றி நின்று ஆலோசித்தார்கள். சிறுவர்கள் ஏறி விளையாடியபோது அந்தப் பிடியைத் தட்டிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான்! இருக்கைக்கு அருகேயுள்ள ஐதரோலிக் பிடிகள் இரண்டையும் மேல்நிலைக்குக் கொண்டுவந்தும் பாருங்கள். ஒற்றைக் கிளச் உள்ள இயந்திரத்தில் கிளச்சை மிதித்தால் தூக்குவதும் நிற்கும். அது பழுதல்ல.

அடுத்தது ஒயில். சமதரையில் நிறுத்தி, அளவுகோலை இழுத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும்; கலப்பை துள்ளித் துள்ளி ஏறும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் பிடியின் அடியிலுள்ள றப்பர் உறை வெடித்திருந்தால் மழைநீர் அவ்வழியே இறங்கும். ஓர் இரவு அசையாமல் விட்டு, காலையில் அடி ஆணியை மெல்லத் தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். ஆனால் வெளுத்த ஒயில் அதனால் தெளிந்துவிடாது. முழுவதையும் மாற்றுவதே சரி. 30 லீற்றர் அளவில் வேண்டும் என்பது நமக்கும் தெரியும். துருப்பிடித்த பம்பின் விலை அதைவிடக் கூடியது.

இவை சரியாயிருந்தும் தூக்காவிட்டால், எப்போது தூக்குகிறது, எப்போது தூக்கவில்லை என்று கவனியுங்கள். காலைக் குளிரில் மந்தமாகி, சூடேறியபின் சரியானால், ஒயில் தடிப்பாக இருக்கலாம், அல்லது பம்பு உறிஞ்சும் சல்லடை அடைபட்டிருக்கலாம். மாறாக, காலையில் நன்றாகத் தூக்கி, வெயில் ஏற ஏறச் சோர்ந்தால், தேய்ந்த இடங்களின் ஊடாக இளகிய ஒயில் கசிகிறது. தூக்கிய கலப்பையோடு என்ஜினை நிறுத்திப் பாருங்கள். மெல்லத் தாழ்வது பழைய இயந்திரத்தின் இயல்பு. சில விநாடிகளில் விழுந்தால் சிலிண்டரின் வளையமோ, குழாயின் றப்பர் வளையமோ தேய்ந்திருக்கிறது. இவற்றை மாற்றுவது பம்பு மாற்றுவதைவிட மலிவு. நெடுங்காலம் கிடந்த இயந்திரம் சற்றும் தூக்காவிட்டால், பம்பின் கட்டுப்பாட்டு வால்வு இறுகியிருக்கலாம். சிறிது ஒயிலை வடித்து, வலப்பக்க மூடியைக் கழற்றி, அனுபவமுள்ளவர் அதை அசைத்துக் கொடுத்தாலே சில வேளை போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தலுக்கு மேல் ஏறும். கசியும் இடத்தை விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசிபோல் பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தூக்கி நிற்கும் கலப்பையின்கீழ் மரக்கட்டை வைக்காமல் எவரும், முக்கியமாகப் பிள்ளைகள், குனியக்கூடாது.

பார்த்ததையெல்லாம் ஒரு துண்டில் எழுதித் திருத்துநரிடம் கொடுங்கள். வடித்த பழைய ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றாமல் தகரத்தில் மூடி வையுங்கள்.