கிளிஞ்சல் ஏன் டோலமைட் ஆகவில்லை?

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சென்று கிளிஞ்சல் பொறுக்காதவர் நம்மில் யார்? அந்தக் கிளிஞ்சல் ஒன்றின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால், ‘புஸ்’ என்று நுரைத்துக் கரியமில வாயு வெளிவரும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அப்படியே. இரண்டும் கால்சியம் கார்பனேட் அல்லவா?

ஆனால் பார்ப்பதற்குச் சுண்ணாம்புக்கல்லைப் போலவே இருக்கும் வேறொரு கல் உண்டு. அதே அமிலத்தை விட்டால் ஏதும் அறியாததுபோல் சும்மா இருக்கும். ஆணியால் சுரண்டிப் பொடியாக்கி விட்டால்தான் மெல்ல நுரைக்கும். அதுதான் டோலமைட். டோலோம்யூ என்ற பிரெஞ்சு அறிஞர் 1791-இல் இக்கல்லைப் பற்றி எழுதினார். மறு ஆண்டே கல்லுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். பின்னர் இத்தாலியில் ஒரு மலைத்தொடருக்கே அப்பெயர் வந்துவிட்டது.

சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் இருக்கும் இடங்களில் பாதியை மக்னீசியம் பிடித்துக்கொண்டால் அது டோலமைட். காலை வழிபாட்டில் இரண்டு வகுப்பினரை வரிசை மாற்றி நிறுத்துவதுபோல, கால்சியம் ஒரு வரிசை, மக்னீசியம் ஒரு வரிசை என்று படிகத்தில் ஒழுங்காக நிற்கும்.

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் கால்சியம் சுமார் 0.4 கிராம், மக்னீசியமோ சுமார் 1.3 கிராம். உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் நீர் கசப்பதற்கும் மக்னீசியமே காரணம். இத்தனை மக்னீசியத்தில் இரவும் பகலும் ஊறும் கிளிஞ்சல்கள் ஏன் டோலமைட் ஆகவில்லை?

நீரில் கரைந்த மக்னீசிய அயனி தனியாக இருப்பதில்லை. ஆறு நீர் மூலக்கூறுகள் அதை இறுகச் சூழ்ந்துகொள்கின்றன. அவற்றை உதறிவிட்டுப் படிகத்துக்குள் நுழைவது அதற்கு எளிதன்று. லிண்டன் லாண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, டோலமைட் படிவதற்குத் தேவையானதைப் போல் ஆயிரம் மடங்கு செறிவுள்ள கரைசலை 25 டிகிரி செல்சியசில் 32 ஆண்டுகள் வைத்துக் காத்திருந்தார். டோலமைட் படியவே இல்லை! அதை மறைக்காமல் 1998-இல் கட்டுரையாகவும் வெளியிட்டார். பரிசோதனைக் குறிப்பேட்டில் விடை வராவிட்டால் அழித்து எழுதும் நாம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

அவரிடம் இல்லாத ஒன்று பூமிக்கு அடியில் இருக்கிறது. அது வெப்பம். ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடுகிறது. பாறைகளுக்கிடையே அகப்பட்ட பழைய உப்புநீர் அங்கே நன்றாகச் சூடேறி, நிலப்பிளவுகளின் வழியாக மேலே வருகிறது. சூட்டில் மக்னீசியம் தன் நீர்ப்போர்வையை எளிதில் உதறிவிடும். வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால், வெந்நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்து, கால்சியத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மக்னீசியத்தை வைத்துவிட்டுப் போகிறது. ஆய்வகத்தில் 200 டிகிரி அளவில் இம்மாற்றம் சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. கல்லில் உள்ள கார்பனேட் அப்படியே இருக்க மக்னீசியம் மட்டும் மாறிப் புகுந்தால், கல்லின் பருமன் நூற்றுக்குச் சுமார் 13 பங்கு குறைகிறது. குறைந்த இடம் நுண்துளைகளாக மாறலாம். அத்துளைகளில் எண்ணெய் வந்து தங்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், குறி சொல்லும் பெண் ஒருவர் எண்ணெய் இருப்பதாகக் கூறியதை நம்பிப் பண்ணைக்காரப் பெண்மணி ஒருவர் கிணறு தோண்டச் செய்தார் என்று கதை சொல்கிறார்கள். (சிஸ்டர் மன்னிப்பாராக!) 1957-இல் உண்மையாகவே எண்ணெய் வந்தது. அந்த எண்ணெய் வயலின் நீளம் 50 கிலோமீட்டருக்கு மேல். அகலமோ ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். காரணத்தை நிலவியல் அறிஞர்கள் ஆராய்ந்து கூறினர். நீண்ட நிலப்பிளவின் வழியே ஏறிய வெந்நீர் தன் இருபுறமும் இருந்த சுண்ணாம்புக்கல்லை மட்டும் டோலமைட்டாக்கியிருந்தது. அதைத் தாண்டியிருந்த கெட்டியான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய் இல்லை.

நம் பக்கத்தில் எண்ணெயை விடச் சிமெண்டுக்குத்தான் இந்த அறிவு உடனே பயன்படும். சிதம்பரத்துக்கு மேற்கே உள்ள அரியலூர்ப் பகுதியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அது விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே அங்குள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். அதில் டோலமைட் மிகுதியாகக் கலந்தால் ஆபத்து. சிமெண்டில் தங்கும் மக்னீசியம் ஆக்சைடு, கட்டடம் எழும்பிய பிறகும் மெதுவாக நீரை ஏற்று வீங்கும். நன்றாக இருந்த சுவர் சில ஆண்டுகள் கழித்து விரிசல் விடும். அதனால்தான் சாதாரண போர்ட்லாண்டு சிமெண்டில் அது 6 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் விதித்திருக்கிறது. அதற்காக டோலமைட் வீணான கல் என்று எண்ணிவிடாதீர்கள். ஒடிசாவில் பீர்மித்ரபூரில் வெட்டியெடுக்கும் டோலமைட் உருக்காலைகளுக்குப் போகிறது.

எல்லா டோலமைட்டும் வெந்நீரால் உண்டானதன்று. குளிர்ந்த நீரில் அது எப்படி வளரும் என்பதற்கு 2023-இல் மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் ஒரு விடை கூறினர். படிகத்தில் தவறான இடத்தில் உட்கார்ந்த அயனிகளை நீர் அடிக்கடி கரைத்துக் கழுவிவிட்டால், அடுத்த அடுக்கு ஒழுங்காகப் படியுமாம். லாண்டின் குடுவையில் அப்படிக் கழுவிவிட யாரும் இல்லை.