தண்ணீருக்கும் பாரம் உண்டு
கழுவும் தொழிலுக்குத் தாங்கியும் ட்ரெய்லரும் தெரிவு செய்வது எப்படி?



கொழும்பில் வாகனம் கழுவும் இடங்களில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஐயா, ஒரு பிரஷர் வோஷர் மெஷினும் தண்ணித் தாங்கியும் வாங்கி ட்ரெய்லர்ல ஏத்தினா, இடத்துக்கே போய்க் கழுவிக் குடுக்கலாம். லோனுக்கு ஒரு கடிதம் தருவீங்களா?"

நல்ல யோசனைதான். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு முன்பு ஹோட்டல் சுவர்களிலும் முற்றத்துக் கற்களிலும் படிந்த பாசியைக் கழுவ ஆள் தேடுகிறார்கள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு வரும் வேன்கள் மஸ்கெலியாப் பக்கம் வரிசையாக நிற்கும். கோயில், பாடசாலை, கடை வாசல் என்று வேலைக்குக் குறைவில்லை. ஆனால் கடிதம் கொடுக்கும் முன் இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். "தம்பி, தாங்கி நிறைஞ்சா எத்தனை கிலோ வரும்?" அந்தக் கேள்வியை நான் கேட்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

நடந்த ஒரு விசயம்

எங்கள் பகுதியில் ஒரு அம்மா. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். கையில் கிடைத்த சேமலாப நிதிக் காசை மகனிடம் கொடுத்தார். மகன் இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் 1000 லீற்றர் வெள்ளைத் தாங்கி ஒன்றை மலிவாக வாங்கி, கராஜில் ட்ரெய்லர் ஒன்றைச் செய்து, லேண்ட்மாஸ்டரில் பூட்டினார். "பெருசா இருந்தா அடிக்கடி நிரப்பத் தேவையில்லை" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

ஒருநாள் பின்னேரம் பாதித் தண்ணீரோடு டிவிசன் ரோட்டில் இறங்கி வந்தார். வளைவில் திருப்பும்போது தாங்கிக்குள் இருந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடியது. ட்ரெய்லர் வண்டியை முன்னே தள்ளியது. வண்டி தேயிலைக்குள் இறங்கி, செடிகளில் சிக்கி நின்றது. தம்பிக்குக் கை மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று. அந்த வளைவுக்குக் கீழேதான் பிள்ளை மடுவம். தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் நேரம் அது. தேயிலைச் செடி பிடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

தாங்கி வெடித்துவிட்டது, ட்ரெய்லரின் அச்சு வளைந்துவிட்டது. அந்த அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான். "கடைசிச் சல்லியையும் அந்த டேங்குலதான் ஊத்தினேன் ஐயா." அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பாடத்தை எழுத வைத்தது அந்தப் பேச்சுத்தான்.

பாடம் 1: பாரத்தை முதலில் கணக்குப் பாருங்கள்

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இதை மட்டும் மறக்காதீர்கள். பீலியிலிருந்து 20 லீற்றர் கேன் சுமந்தவர்களுக்கு 20 கிலோ என்றால் என்னவென்று தெரியும். 1000 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். ஐம்பது கிலோ சீமெந்து மூட்டை இருபது அடுக்கியதற்குச் சமம். நாளுக்கு 20 கிலோ கொழுந்து எடுக்கும் ஒரு பெண் ஐம்பது நாள் எடுக்கும் கொழுந்தின் பாரம் அது. வெறும் தண்ணீர்தானே என்று நாம் நினைக்கிறோம். இறக்கத்தில் பிரேக் அப்படி நினைக்காது.

200 லீற்றர் பெரல் ஒன்று நிறைந்தால் மூன்று பெரிய ஆட்களின் பாரம். முச்சக்கர வண்டிக்குள் அதை ஏற்றி, மெசினையும் ஏற்றி, கூட ஒரு ஆளும் ஏறினால் வண்டி தாங்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பாடம் 2: உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை?

கடையில் எது பெரிது என்று பார்க்காமல், வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். வீட்டுக்குரிய சின்ன மின்சார மெஷின் நிமிடத்துக்கு 5 முதல் 7 லீற்றர் வரை குடிக்கும். பெட்ரோலில் ஓடும் மெஷின்கள் 8 முதல் 15 லீற்றர் வரை குடிக்கும். மெசினில் ஒட்டியிருக்கும் தகட்டில் இது எழுதியிருக்கும். வாங்கும் முன் வாசியுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் மெஷின் நிமிடத்துக்கு 10 லீற்றர். வேலை இரண்டு மணித்தியாலம். முழு நேரமும் துப்பாக்கியை அழுத்திக்கொண்டிருக்க மாட்டீர்கள். ஹோஸை இழுப்பீர்கள், சவர்க்காரம் பூசுவீர்கள், தேய்ப்பீர்கள். பாதி நேரம், அதாவது 60 நிமிடம், தண்ணீர் அடிக்கிறீர்கள் என்று வைப்போம். ஆக 600 லீற்றர் தேவை.

அந்த இடத்தில் ஒரு பைப் இருக்கிறதா? 20 லீற்றர் கேன் ஒன்றைப் பிடித்து மணிக்கூட்டைப் பாருங்கள். நாலு நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 5 லீற்றர். இரண்டு மணித்தியாலத்தில் அந்தப் பைப்பே 600 லீற்றர் தந்துவிடும். அப்படியானால் தாங்கி எதற்கு? மெஷின் கேட்கும் வேகத்துக்குப் பைப் தரமாட்டாது. இருபது நிமிடம் விடாமல் அடித்தால் மெஷின் 200 லீற்றர் குடிக்கும், பைப் 100 லீற்றர்தான் தரும். அந்த 100 லீற்றர் வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் தாங்கி. பைப்பை வேலை முழுக்கத் தாங்கிக்குள் ஓட விட்டால் 200 அல்லது 250 லீற்றர் தாங்கி போதும்.

பைப் மெலிந்து நிமிடத்துக்கு 3 லீற்றர்தான் வருகிறதென்றால், இரண்டு மணித்தியாலத்தில் 360 லீற்றர். குறைவது 240. நிறைந்த 300 லீற்றர் தாங்கி அதையும் சமாளிக்கும். பைப்பே இல்லாத இடத்துக்குத்தான் 600 லீற்றர் வேண்டும். அப்படி எத்தனை வேலை வரும் என்று எண்ணிப் பாருங்கள். மாதத்தில் ஒன்றிரண்டு வந்தால், அதற்காக மட்டும் பெரிய தாங்கி வாங்காமல், அன்றைக்கு ஒரு பவுசர் தண்ணீர் கேட்டு வாங்குவதே புத்தி.

பாடம் 3: வெறுமையாகப் போய், அங்கே நிரப்புங்கள்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். தாங்கியை வெறுமையாகக் கொண்டு போங்கள். போன உடனே பைப்பைத் தாங்கிக்குள் போடுங்கள். மெஷின் இறக்கி ஹோஸ் பூட்டி இடத்தைக் கூட்டும் நேரத்தில் தாங்கி நிறையத் தொடங்கிவிடும். வேலை முடிந்ததும் மிச்சத்தைத் திறந்துவிட்டுத் திரும்புங்கள்.

தண்ணீரோடுதான் போகவேண்டும் என்றால் பாதித் தாங்கி ஆகாது. நிறைந்த தாங்கியில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதித் தாங்கியில் வளைவிலும் பிரேக்கிலும் முழுத் தண்ணீரும் ஒரு பக்கம் பாயும். பவுசர்களுக்குள் தடுப்புத் தகடுகள் வைத்திருப்பது இதற்காகத்தான். நமக்கு அப்படித் தாங்கி கிடைக்காவிட்டால், பெரியது ஒன்றுக்குப் பதிலாகச் சிறியது இரண்டு வைத்து, இடையில் வால்வு போட்டு, ஒன்றை நிறைத்து மற்றதை வெறுமையாக விடலாம்.

பாடம் 4: தாங்கியைத் தெரிவு செய்தல்

உயரமான தாங்கி வேண்டாம். தாழ்ந்து அகன்றது நல்லது. வீட்டுக் கூரையில் வைக்கும் வட்டத் தாங்கி ஓரிடத்தில் நிற்கச் செய்தது. ரோட்டுக் குலுக்கலுக்கு அது செய்யப்படவில்லை. அதைத்தான் வாங்குவதென்றால் சுற்றிலும் இரும்புச் சட்டம் அடித்து, அடியில் முழுப் பலகை வைத்து, இரண்டு பட்டியால் இறுக்குங்கள். கயிறு தளரும்.

கறுப்புத் தாங்கியில் வெயில் உள்ளே போகாது, பாசி குறையும். பாவித்த தாங்கி வாங்கினால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். மருந்தோ அமிலமோ இருந்தது என்றால், அல்லது விற்பவர் சரியாகச் சொல்லாவிட்டால், விட்டுவிடுங்கள்.

தண்ணீர் எடுக்கும் வாய் அடியில் இருக்கட்டும். மெஷின் தாங்கியை விடத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் தானாகவே இறங்கும். ஹோஸ் மெலிந்தாலும், நடுவில் மடிந்தாலும் பம்ப் காற்றை இழுத்து உள்ளே சீல்கள் தேயும். மூடியில் காற்று போக ஒரு துளை வேண்டும். தாங்கிக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு வடிகட்டி கட்டாயம். ஓடைத் தண்ணீரின் மணல் ஒரே மாதத்தில் பம்பைத் தின்றுவிடும்.

பாடம் 5: ட்ரெய்லர்

பாரத்தைக் கூட்டிப் பாருங்கள். உதாரணமாக, தண்ணீர் 300, தாங்கி 15, மெஷின் 40, ஹோஸும் சாமானும் 30, ட்ரெய்லர் 150. மொத்தம் 535 கிலோ. வெறுமையாகப் போனால் 235 கிலோதான். 1000 லீற்றர் தாங்கி என்றால் ட்ரெய்லரும் பாரமாகி மொத்தம் 1300 கிலோவைத் தாண்டிவிடும்.

டயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு ஒரு எண் இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ. தேய்ந்த பழைய டயரில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

தாங்கியை அச்சுக்கு மேலே வையுங்கள். மெஷின் முன்பக்கம். ஜீப்போ வேனோ இழுக்கும் ஒற்றை அச்சு ட்ரெய்லர் என்றால், மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு இழுக்கும் கொக்கியில் இறங்க வேண்டும். 535 கிலோவுக்கு ஏறக்குறைய 54 கிலோ. ட்ரெய்லரின் முன்கையைத் தராசில் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பின்பாரம் கூடினால் ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். கொக்கியோடு ஒரு காவல் சங்கிலியும் பூட்டுங்கள். பின் விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இல்லாமல் பனி மூடிய ரோட்டில் இறங்காதீர்கள்.

லேண்ட்மாஸ்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரெய்லரில் கால் பிரேக் இல்லாமல் தண்ணீர் ஏற்ற வேண்டாம். செங்குத்தான இறக்கத்தில் ட்ரெய்லர் தள்ளும்போது, திருப்பும் கிளட்சைப் பிடித்தால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். பழகியவர்களே தடுமாறும் இடம் அது. இறக்கத்துக்கு முன்பே சின்ன கியருக்கு மாறுங்கள். நடுவில் மாற்றப் பார்க்காதீர்கள்.

ட்ரெய்லரைச் செய்யக் கொடுக்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், பதிவு, காப்புறுதி, உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் இந்த வண்டிக்குச் செல்லுமா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். செய்து முடித்த பிறகு கேட்டால் வெல்டிங் காசு வீண்.

பாடம் 6: தண்ணீர் யாருடையது?

லயத்துக்கு வரும் குடிதண்ணீரில் தாங்கி நிரப்பாதீர்கள். காலையில் மஸ்டருக்கு முன்பு பீலியில் நிற்கும் பெண்களின் வரிசையை நாம் எல்லாரும் அறிவோம். அந்தத் தண்ணீரை எடுத்துத் தொழில் செய்தால் தொழிலும் நிலைக்காது, அயலும் நிலைக்காது. ஓடையில் எடுப்பதென்றால் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். மழைத் தண்ணீரும் நல்லது. 50 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 500 லீற்றர் விழும். சிந்திச் சிதறியது போக 400 பிடிக்கலாம். எண்ணெயும் சவர்க்காரமும் கலந்த கழிவு கீழ் டிவிசன் குடிக்கும் ஓடைக்குப் போகக் கூடாது.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை இந்த மெஷினால் கழுவாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நெஞ்சுக்குள் போகும். பெட்ரோல் மெசினை மூடிய அறைக்குள் ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். தண்ணீர் கையில் பட்டுச் சின்னத் துளை விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோலுக்கு உள்ளே காயம் பெரிதாக இருக்கலாம்.

முடிவாக

அந்தத் தம்பி இப்போது 250 லீற்றர் தாங்கி ஒன்றும், பழைய ட்ரெய்லரை வெட்டிச் சிறிதாக்கிய ஒன்றும் வைத்திருக்கிறார். வேலைக்கு முதல்நாளே போய்க் கேனும் மணிக்கூடும் வைத்துப் பைப்பை அளந்துவிட்டு வருகிறார். கடன் இன்னும் முடியவில்லை. அம்மாவின் காசு முழுதும் திரும்பவில்லை. ஆனால் வேலை ஓடுகிறது. பிள்ளை மடுவத்துக்கு மேலே அந்த வளைவில் வெறுந் தாங்கியோடு மெதுவாக இறங்குகிறார்.

கடிதம் கேட்டு வரும் தம்பி தங்கைகளே, வரும்போது ஒரு தாளில் மூன்று எண்கள் எழுதிக்கொண்டு வாருங்கள். மெஷின் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர்? உங்கள் வேலை இடங்களில் பைப் எத்தனை லீற்றர் தருகிறது? தாங்கி நிறைந்தால் ட்ரெய்லரின் மொத்தப் பாரம் எத்தனை கிலோ? அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் நான் பேனாவை எடுப்பேன். கோபிக்க வேண்டாம். ஒருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் சொல்கிறேன்.